சுவரைத் தொடுமுன் படியெடுங்கள்: கிராமக் கோயில் திருப்பணிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பழங்கோயிலுக்குக் குடமுழுக்கு செய்ய முனைந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும், திருப்பணிக் குழுவினருக்கும், ஸ்தபதியாருக்கும், அர்ச்சகப் பெருமக்களுக்கும் வணக்கம்.

திருப்பணி வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. மழைக்குக் கருவறை ஒழுகுகிறது, விமானத்தில் அரசங்கன்று வேர் விட்டிருக்கிறது, மடைப்பள்ளிச் சுவர் சாய்ந்து நிற்கிறது என்றால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. கேட்பது ஒன்றுதான். பாலாலயம் செய்து, அதாவது வேலை முடியும்வரை வழிபாட்டைத் தற்காலிக இடத்துக்கு மாற்றி, வேலையாட்களை உள்ளே விடுவதற்கு முன்னால், கோயிலில் உள்ள கல்வெட்டு எழுத்து முழுவதையும் படியெடுத்து, அதாவது பிரதி எடுத்து வையுங்கள். அதன்பிறகு, எழுத்துள்ள கல்லுக்குக் கேடு வராத முறையில் வேலையை நடத்துங்கள்.

இது புது யோசனை இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன் நம் ஊர்களில் திருப்பணி செய்தவர்களே கைக்கொண்ட முறை. தஞ்சை மாவட்டம் திருவிடைமருதூர் வட்டத்தில், காவிரியின் வடகரையில், கஞ்சனூருக்குப் பக்கத்தில் திருக்கோடிக்காவல் இருக்கிறது. சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். கண்டராதித்த சோழரின் தேவியும் உத்தம சோழனின் தாயாருமான செம்பியன் மாதேவியார், 10-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தக் கோயிலைக் கற்றளியாக, அதாவது கற்கோயிலாகப் புதுப்பித்தார். பழைய கோயிலில் அதற்கு முன் வாழ்ந்தவர்கள் கொடுத்த தானங்கள் கற்களில் வெட்டிக் கிடந்தன. கோயில் புதிதாகிவிட்டது, இனி இவை எதற்கு என்று அந்த அம்மையார் நினைக்கவில்லை. பழைய கற்களில் இருந்ததைப் புதுச் சுவரில் மறுபடி வெட்ட வைத்தார். அப்படி வெட்டியபோது “இதுவும் ஒரு பழங்கற்படி” என்று குறிப்பும் சேர்த்தார்கள். இது இப்போது எழுதிய தானம் இல்லை, பழைய கல்லில் இருந்ததன் பிரதி என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

பல்லவ மன்னன் நிருபதுங்கனின் அரசி வீரமாதேவியார் அந்தத் தலத்தில் துலாபாரமும், பொற்கலத்துக்குள் புகுந்து வெளிவரும் சடங்கான இரணியகர்ப்பமும் செய்து பொன் கொடுத்தது இன்று நமக்குத் தெரிகிறது. 9-ஆம் நூற்றாண்டில் நடந்தது அது. அந்தக் காலத்துக் கட்டடம் இன்று இல்லை. செய்தி மட்டும் இருக்கிறது, படியெடுத்ததால்.

அரியலூர் மாவட்டம் திருமழபாடியிலும் இதே கதைதான். வைத்தியநாதர் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட ராஜராஜ சோழன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். சுவரைப் பிரிக்கும் முன் அதில் இருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் ஏற்றச் சொன்னான். வேலை முடிந்து, அவன் மகன் ராஜேந்திரன் காலத்தில், புத்தகத்தில் இருந்ததைப் புதுச் சுவரில் மீண்டும் வெட்டினார்கள். அந்தச் செய்தியையும் சேர்த்தே வெட்டினார்கள். ஆகம விதிப்படி திருப்பணி செய்ய விரும்பும் எந்தக் குழுவும் இந்த இரண்டு ஊர்களையும் முன்மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். அவர்களிடம் கேமரா இல்லை, ஓலைதான் இருந்தது.

உங்கள் ஊர்க் கோயிலில் எழுத்து எங்கே இருக்கும்? பெரும்பாலானவர்கள் சுவரை மட்டும் பார்க்கிறார்கள். கீழிருந்து தொடங்குங்கள். தரையை ஒட்டிய உபானம், அதன் மேல் ஜகதி, உருண்டையாகவோ முப்பட்டையாகவோ இருக்கும் குமுதம், அதற்கு மேல் கண்டம், பட்டிகை. அதிட்டானம் என்று ஸ்தபதியார் சொல்லும் இந்த அடித்தளப் பகுதியில்தான் மிகப் பழைய எழுத்து அதிகம். பிறகு சுவர், அரைத்தூண்கள், தேவகோட்டம் எனும் சுவர் மாடத்தின் இரு பக்கம், நிலைக்கால், மண்டபத் தூண்கள், படிக்கல், அபிஷேக நீர் வெளிவரும் கோமுகியின் பக்கவாட்டு. பிறகு எல்லோரும் மறக்கிற இடம்: கோயிலுக்கு வெளியே துணி துவைக்கும் கல், குளத்துப் படி, தேர்முட்டி, மதில் ஓரத்தில் குப்பையோடு கிடக்கும் உடைகல். முந்தைய திருப்பணியில் கழித்த கற்கள் அங்கேதான் போயிருக்கும்.

காலை 8 மணிக்கு முன்போ மாலை 4 மணிக்குப் பின்போ போய்ப் பாருங்கள். உச்சி வெயிலில் சுவர் வெறும் கல்லாகத் தெரியும். வெயில் சாய்ந்து சுவரை உரசிக்கொண்டு வரும்போது ஒவ்வொரு வெட்டும் நிழல் பிடித்து எழுந்து நிற்கும். வெயில் படாத வடக்குச் சுவருக்கு இரவில் டார்ச் லைட் போதும். நேராக அடிக்கக் கூடாது. விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் அடிக்க வேண்டும். “ஸ்வஸ்திஸ்ரீ” என்று தொடங்கும் இடம் கிடைத்தால் ஒரு கல்வெட்டின் தலை கிடைத்தது என்று பொருள்.

அங்கிருந்து ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் அரசன் புகழைச் சொல்லும் மெய்க்கீர்த்தி அல்லது அரசன் பட்டம். “மதிரை கொண்ட கோப்பரகேசரி” என்றால் முதலாம் பராந்தகன். “திருமகள் போல” என்று எடுத்தால் ராஜராஜன். “திருமன்னி வளர” என்றால் ராஜேந்திரன். “புகழ்மாது விளங்க” என்றால் முதலாம் குலோத்துங்கன். பிறகு “யாண்டு” என்ற சொல்லும் ஓர் எண்ணும் வரும், அது அரசனின் ஆட்சியாண்டு. ராஜராஜனின் முதல் ஆண்டு 985, ஆக யாண்டு 11 என்றால் 995-96. அடுத்து அந்தக் கால ஆட்சிப் பிரிவுகளான வளநாடு, நாடு, பிறகு ஊர். உங்கள் ஊரின் பழைய பெயர் இங்கேதான் இருக்கும். அடுத்து கொடுத்தவர், கொடுத்த பொருள். நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு ஒன்றுக்கு “சாவா மூவாப் பேராடு” 90 என்று பல ஊர்களில் வரும், தஞ்சைப் பெரிய கோயிலில் 96. அந்த ஆடுகளை ஓர் இடையர் பெற்றுக்கொண்டு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். உழக்கு என்பது கால் நாழி. ஆடு செத்தாலும் கிழண்டாலும் குட்டியை வைத்து எண்ணிக்கையை நிரப்ப வேண்டும், அதனால்தான் சாவாதது, மூவாதது என்று பெயர். கடைசியில் “இது பன்மாஹேஸ்வரர் ரக்ஷை”, அதாவது இந்தத் தானம் சிவனடியார்கள் காவலில் இருக்கும் என்பது.

ஒரு கல் போனால் என்ன ஆகும் என்பதை இந்த ஒழுங்கை வைத்தே புரிந்துகொள்ளலாம். ஜகதியில் ஒரு வரி 15 அடி, 20 அடி ஓடும், மூலை திரும்பியும் ஓடும். நடுவே ஏழெட்டுக் கற்கள் இருக்கும். யாண்டு இருந்த கல்லை எடுத்துப் படியாகப் போட்டுவிட்டால் மீதி ஏழு கல்லும் காலமற்றுப் போகும். ஊர்ப் பெயர் இருந்த கல் உடைந்தால் தானம் எந்த ஊர் நிலத்தைச் சொல்கிறது என்று தெரியாது. நிலத்துக்கு நான்கெல்லை சொன்ன கல் போனால், கோயில் நிலம் எது என்பதற்கு ஆயிரம் ஆண்டுச் சான்று போய்விட்டது.

காஞ்சிபுரத்துக்கு அருகே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று “வீரசோழன்” என்ற மருத்துவமனையைப் பற்றிச் சொல்கிறது. அங்கே 15 படுக்கை இருந்தது, மருத்துவருக்கு எவ்வளவு நெல், என்னென்ன மருந்து இருப்பில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் பெருமாள் கோயில் சுவரில்தான் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் எண்ணாயிரத்தில் 340 மாணவர்கள் படித்த கல்லூரிக்குச் சாட்சியும் கோயில் கல்தான். சின்னக் கோயில், நம் சுவரில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது என்று யாரும் சொல்லிவிட முடியாது. படிக்கிற வரை தெரியாது.

இனி படியெடுக்கும் முறை. முதலில் புகைப்படம். ஒரு படத்துக்கு 3 அடி அகலத்துக்கு மேல் வேண்டாம். அடுத்த படத்தில் முந்தைய படத்தின் கால்பங்காவது மறுபடி விழ வேண்டும், அப்போதுதான் வரியைத் தொடர முடியும். ஒவ்வொரு படத்திலும் ஓர் அளவுகோலும், எந்தச் சுவர், எத்தனையாவது படம் என்று எழுதிய சீட்டும் தெரிய வேண்டும். சீட்டு இல்லாமல் எடுத்த 400 படம் ஒரு மாதம் கழித்து யாருக்கும் பயன்படாது. எழுத்து தெரியவில்லையென்று மைதா மாவு பூசிப் பார்க்கும் பழக்கம் பரவியிருக்கிறது. செய்யாதீர்கள். மாவு துளைக்குள் தங்கி எறும்பையும் பூஞ்சையையும் கொண்டுவரும். பக்கவாட்டு வெளிச்சம் மாவைவிட நன்றாகக் காட்டும்.

அடுத்தது மைப்படி. இதைப் பழகியவர்களை அழைத்துத்தான் செய்ய வேண்டும், ஆனால் என்ன நடக்கிறது என்று குழுவினருக்குத் தெரிந்திருப்பது நல்லது. கல்லைத் தண்ணீர் விட்டு நார்த் தூரிகையால் தேய்த்து எண்ணெயும் பாசியும் போகக் கழுவுவார்கள். அதற்கென்று உள்ள தாளை நனைத்துச் சுவரில் ஒட்டி, அடர்ந்த மயிர்த் தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அடித்துக்கொண்டே போவார்கள். தாளுக்கும் கல்லுக்கும் நடுவே காற்று தங்கக் கூடாது. அடிக்க அடிக்கத் தாள் ஒவ்வொரு வெட்டுக்குள்ளும் இறங்கும். ஈரம் முக்கால் உலர்ந்ததும், விளக்குக் கரியைக் கோந்து நீரில் குழைத்த மையைத் துணிப்பந்தில் தொட்டு மெல்ல ஒற்றுவார்கள். மேடான இடம் கறுக்கும், பள்ளத்தில் இறங்கிய தாள் வெள்ளையாகவே நிற்கும். கறுப்பில் வெள்ளை எழுத்து. முழுக்க உலர்ந்தபின் உரித்து எடுத்தால் கல்லின் அளவே உள்ள பிரதி கையில் இருக்கும். சீக்கிரம் மை வைத்தால் தாள் வழியாக மை ஊறிக் கல் கறையாகும். காய்ந்தபின் வைத்தால் தாள் தூக்கிக்கொண்டு எழுத்து கலங்கும். மழைக்காலத்தில் இந்த வேலை ஆகாது. தை முதல் ஆனி வரை நல்ல காலம், அதுவும் காற்றில்லாத காலை நேரம்.

உங்கள் ஊர்க் கல்வெட்டை முன்பே யாராவது படித்திருக்கிறார்களா என்று தேடுங்கள். 1887 முதல் மத்திய அரசின் கல்வெட்டுத் துறை ஆண்டறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. அவற்றில் ஊர் வாரியாக எண்ணும் சுருக்கமும் இருக்கும். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் பலவற்றின் முழுப் பாடமும் அச்சாகியிருக்கிறது. தமிழகத் தொல்லியல் துறையின் மாவட்டத் தொகுதிகள் உண்டு. தமிழகத் தொல்லியல் கழகத்தின் “ஆவணம்” இதழ் 1991 முதல் புதுக் கண்டுபிடிப்புகளை வெளியிடுகிறது. பழைய அறிக்கையில் 12 கல்வெட்டு என்றிருந்து, இன்று சுவரில் 9 மட்டும் தென்பட்டால், மூன்று எங்கே என்று தேடுங்கள். சிமெண்டுப் பூச்சுக்குப் பின்னாலும் தரைக்கு அடியிலும்தான் பெரும்பாலும் இருக்கும்.

அந்தத் தரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கெட்ட எண்ணம் சிறிதும் இல்லாமல் செய்யும் பெரிய கேடு அதுதான். பிராகாரத்தில் மழைத் தண்ணீர் நிற்கிறது என்று ஒரு லோடு கிராவல் அடிப்பார்கள். பத்து வருடம் கழித்து அதன்மேல் சிமெண்டு. அதற்கடுத்த திருப்பணியில் அதன்மேல் கிரானைட் அல்லது டைல்ஸ். ஒவ்வொரு முறையும் அரையடி ஏறும். இரண்டு தலைமுறையில் உபானம் போய், ஜகதி பாதி போய், அதில் இருந்த எழுத்தும் மண்ணுக்குள் போயிருக்கும். வெளித்தளம் கருவறைத் தளத்தைவிட உயர்ந்துவிட்டால் மழைநீர் உள்ளேதான் போகும். நீர் வெளியேற வழி இல்லாத சிமெண்டுத் தளத்துக்கு அடியில் ஈரம் தங்கி, சுவர்க் கல் வழியே மேலே ஏறி, உப்புப் பூத்து, கல்லின் தோலைச் செதில் செதிலாக உரிக்கும். தோலில்தான் எழுத்து இருக்கிறது.

சரியான வழி தரையை ஏற்றுவது இல்லை, இறக்குவது. அதிட்டானத்தை ஒட்டி முதலில் ஓரிடத்தில் மட்டும் 2 அடிக்கு 2 அடி குழி எடுத்து உபானத்தின் அடி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கடப்பாரை வேண்டாம், கொத்துக் கரண்டி போதும். உபான அடி மட்டம் தெரிந்தபின் சுற்றிலும் அந்த அளவுக்கு மண்ணை எடுங்கள். தளம் போடுவதென்றால் கருங்கல் பலகையைச் சுண்ணாம்புக் கலவையில் பதித்து, சுவரிலிருந்து வெளிப்பக்கமாக 10 அடிக்கு 2 அங்குலம் வாட்டம் கொடுத்து, மதிலடியில் வடிகால் விடுங்கள். பலகைக்கும் உபானத்துக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விட்டு மணலும் கூழாங்கல்லும் நிரப்பினால் ஈரம் ஆவியாக வழி கிடைக்கும். தோண்டும்போது எழுத்துள்ள கல்லோ சிலையோ செப்புத் திருமேனியோ தட்டுப்பட்டால் வேலையை அங்கேயே நிறுத்தி, வட்டாட்சியர் வழியாக மாவட்ட ஆட்சியருக்குச் சொல்ல வேண்டும். புதையல் சட்டப்படி அது கட்டாயம்.

கல் கழுவுவதைப் பற்றி. மணல் வீச்சு, அதாவது சாண்ட் பிளாஸ்டிங், கூடவே கூடாது. அறநிலையத் துறையே அதைத் தடை செய்திருக்கிறது. ஆனாலும் “பாலிஷ் போட்ட மாதிரி வந்துவிடும்” என்று ஒப்பந்தக்காரர் ஆசை காட்டுவார். கல்வெட்டின் ஆழம் பல இடங்களில் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், தேய்ந்த இடத்தில் அதுவும் இருக்காது. மணல் பாயும்போது முதலில் போவது எழுத்தின் விளிம்பு. பிறகு தேவகோட்டத்துத் தட்சிணாமூர்த்தியின் விரல் நுனி, காது, கண்ணிமை. ஒரு கல்லைப் பக்கத்திலிருந்து பாருங்கள். பழைய கருங்கல்லின் மேல்தோல் இறுகி, தண்ணீர் பட்டால் வழிந்தோடும். மணல் வீசிய கல்லில் பொடிப்பொடியாகக் குழி விழுந்திருக்கும், தண்ணீர் பட்டதும் உறிஞ்சிக் கறுக்கும். அன்றைக்கு வெள்ளையாகத் தெரிந்த சுவர் மூன்றே மழையில் முன்னைவிடக் கறுத்துப் பாசி பிடிப்பது இதனால்தான். மணலுக்குப் பதில் அதிவேகத் தண்ணீர்ப் பீச்சு, ஆசிட் என்று யாராவது மாற்றுச் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆசிட் கல் இணைப்பில் இருக்கும் சுண்ணாம்பைத் தின்றுவிடும்.

தண்ணீரும் நார்த் தூரிகையும் பொறுமையும் போதும். கம்பித் தூரிகை வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு உள்ள இடத்தில் முதலில் உள்ளங்கை அகலத்துக்குச் சோப்புத் தண்ணீரோ அரப்புத் தூளோ வைத்துச் சோதித்து, ஒரு நாள் விட்டுப் பார்த்துவிட்டு மேலே போகலாம். எழுத்தின் மேல் பழைய சுண்ணாம்பு வெள்ளை படிந்திருந்தால் பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் எழுத்தைக் காப்பாற்றித்தான் வைத்திருக்கும். நனைத்து ஊறவிட்டு மூங்கில் சீவலால் மெல்ல எடுக்கலாம். ஆனால் சுண்ணாம்புக்கு அடியில் நிறம் தெரிந்தால் கை வைக்காதீர்கள். ஓவியமாக இருக்கலாம், அது வல்லுநர் வேலை.

எழுத்துக்கு வண்ணம் தீட்டுவதும் தவறு. படிக்க வசதியாக இருக்கும் என்று நல்லெண்ணத்தில் வெள்ளை பெயிண்டை எடுத்து எழுத்தை நிரப்புகிறார்கள். பழைய கல்வெட்டில் புள்ளி கிடையாது. எகர ஏகார வேறுபாடு தெரியாது. ரகரமும் நெடிலுக்குப் போடும் காலும் (ா) ஒன்றுபோலவே இருக்கும். இடையிடையே வடசொல்லுக்கான கிரந்த எழுத்து வரும், பாண்டி நாட்டுப் பக்கம் வட்டெழுத்து என்ற பழைய எழுத்து வகையும் வரும். பயிற்சி இல்லாத கை கல்லின் கீறலையும் எழுத்தென்று நிரப்பிவிடும். பிறகு வருகிற அறிஞர் கல்லைப் படிக்க முடியாது, பெயிண்டைத்தான் படிப்பார். உளியால் எழுத்தை “ஆழப்படுத்துவது” இதைவிட மோசம், திரும்ப வழியே இல்லை. சுவர் முழுக்க எனாமல் அடிப்பதும் அப்படித்தான். கல் மூச்சு விட முடியாமல் உள்ளே ஈரம் தங்கும், பெயிண்டு உரியும்போது கல்தோலையும் சேர்த்து உரிக்கும்.

விமானத்திலும் மேல்தளத்திலும் சிமெண்டு வேண்டாம், சுண்ணாம்பு போதும் என்றால் உடனே “அதற்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை” என்கிறார்கள். நேரம் வேண்டும் என்பது உண்மை. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கு அடியில் குறைந்தது மூன்று வாரமாவது ஊறவிட வேண்டும். சரியாக நீறாத கட்டி கலவையில் சேர்ந்தால் பூசியபின் சுவரில் நீறி, உப்பி, காசளவு காசளவாகத் தெறித்து விழும். சுண்ணாம்பு ஒரு பங்குக்கு ஆற்று மணல் மூன்று பங்கு வரை. கடுக்காயை உடைத்து ஊறவைத்த நீரும் வெல்ல நீரும் சேர்த்து அரைக்க வேண்டும், அளவு ஸ்தபதியார் கைக்கணக்கு. பூசியபின் ஈரச் சாக்குப் போட்டு இரண்டு வாரமாவது காய விடாமல் பார்க்க வேண்டும். சுண்ணாம்பு காற்றை இழுத்து மெதுவாகக் கல்லாகும். வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடிக்கும். ஐப்பசி மழைக்கு முன்பே பூச்சு இறுகியிருக்க வேண்டுமானால், மாசியில் சுண்ணாம்பு ஊறத் தொடங்க வேண்டும். குடமுழுக்குத் தேதியை முதலில் குறித்துவிட்டு வேலையைப் பின்னால் ஓட்டும்போதுதான் சிமெண்டு உள்ளே வருகிறது. சிமெண்டு, பழைய செங்கல் சுதையைவிட இறுகியது. வெயிலுக்கும் குளிருக்கும் இரண்டும் வேறுவேறாக விரிந்து சுருங்கும். நடுவே மயிரிழை வெடிப்பு விழும், அதில் தண்ணீர் இறங்கும், வெளியே வர வழி இருக்காது.

விமானத்து மரக்கன்றைக் கையால் பிடுங்காதீர்கள். வேர் நாலு செங்கலைப் பெயர்த்துக்கொண்டு வரும். அடியோடு அறுத்து, வெட்டு வாயில் வேர்க்கொல்லி வைத்து, பட்டபின் வேரை எடுத்து, அந்தப் பொந்தைச் சுண்ணாம்புக் குழம்பால் நிரப்ப வேண்டும். மறுபடி தளிர்க்கிறதா என்று ஒரு வருடம் பார்க்க வேண்டும்.

எந்தப் பகுதியையாவது கட்டாயம் பிரித்துத்தான் கட்ட வேண்டும் என்று வல்லுநரும் துறையும் ஒப்புதல் கொடுத்தால், கற்களுக்கு எண் போடாமல் ஒரு கல்லையும் அசைக்காதீர்கள். திசை, படை (கல் வரிசை), கல் என்று மூன்று குறி போதும். “தெ 3-7” என்றால் தெற்குச் சுவர், கீழிருந்து மூன்றாம் படை, மேற்கிலிருந்து ஏழாம் கல். எண்ணிக்கை எங்கிருந்து தொடங்குகிறது என்பதை எல்லாச் சுவருக்கும் ஒரே மாதிரி வைத்து, நோட்டில் எழுதி, வரைபடத்திலும் குறியுங்கள். எண்ணை எழுத்தில்லாத முகத்தில் இடுங்கள். சாக்பீஸ் ஒரு மழைக்குத் தாங்காது, எனாமல் போகவே போகாது, இரண்டும் வேண்டாம். எழுத்துள்ள முகம் மேலே பார்க்க, மரக்கட்டை மேல் கல்லை வைக்க வேண்டும். ஜேசிபி வாளியில் அள்ளிக் குவித்தால் அன்றைக்கே முடிந்தது கதை. கல்வெட்டுத் தலைகீழாகவும், வரி மாறியும், பாதி சுவரிலும் பாதி தளத்திலும் நிற்கும் கோயில்கள் தமிழ்நாட்டில் நிறைய. எல்லாம் எண் போடாத திருப்பணிகள்.

சின்ன விஷயங்களும் உண்டு. டியூப்லைட்டுக்கும் ஒலிபெருக்கிக்கும் குமுதத்தில் துளை போடுவது, மின்கம்பிக் குழாயை எழுத்தின் குறுக்கே ஓட்டுவது, உபயதாரர் பெயர்ப் பலகையைக் கல்வெட்டின் மேலேயே பதிப்பது. இரும்பு ஆணி துருப்பிடித்துப் பருத்துக் கல்லைப் பிளக்கும். கம்பியைக் கல் இணைப்பு வழியாகக் கொண்டுபோகலாம். உபயதாரர் பெயர்களுக்கு நுழைவாயில் ஓரம் தனிக்கல் நடலாம். அவர்கள் பெயர் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம்தான் 90 ஆடு கொடுத்தவர் பெயரும். அந்தப் பழைய உபயதாரர்கள் பலர் தானத்தின் முடிவில், “இத்தன்மம் ரக்ஷித்தான் ஸ்ரீபாதம் என் தலை மேலன” என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். பின்னால் இதைக் காப்பவர் யாராக இருந்தாலும் அவர் பாதம் என் தலை மேல் என்று. அது உங்களைப் பார்த்துச் சொன்னது ஐயா.

திருமேனிகளையும் இதே சமயம் பதிவு செய்யுங்கள். முன், பின், இரு பக்கம், பீடத்தின் அடி என ஒவ்வொன்றுக்கும் படம், உயரம், எடை, உடைந்த விரல், ஒட்டுப் போட்ட இடம் எல்லாம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் களவு போய், ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டு, 2014-இல் நாடு திரும்பினார். அவர் நம்மவர்தான் என்று நிறுவ உதவியது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படம். படம் இல்லாத திருமேனிக்கு வழக்குப் பேச முடியாது.

வரலாற்றுப் பலகை வைக்கும்போது “2000 ஆண்டுப் பழமை” என்று போட அவசரப்படாதீர்கள். தலத்தின் வயது வேறு, கட்டடத்தின் வயது வேறு. தேவாரம் பாடியிருந்தால் 7 அல்லது 8-ஆம் நூற்றாண்டில் அங்கே கோயில் இருந்தது உறுதி. இன்று நிற்கும் கற்றளி 10-ஆம் நூற்றாண்டாக இருக்கலாம், முன்மண்டபம் நாயக்கர் காலமாக இருக்கலாம், சுதை வேலை நூறாண்டுக்குள் இருக்கலாம். இதை அப்படியே எழுதினால் கோயிலுக்குப் பெருமை குறையாது. கோனேரிராஜபுரத்தில் செம்பியன் மாதேவியார் தம் கணவர் பெயரால் எடுத்த கோயிலில், கண்டராதித்தர் சிவலிங்கத்தை வணங்கும் சிற்பத்துக்குக் கீழே அவர் பெயரும், அதே கோயிலில் அம்மையாருக்காகக் கட்டட வேலையை நடத்திய சாத்தன் குணபட்டன் பெயரும் இருக்கின்றன. பெயரோடு ஆளைக் காட்டும் ஒரு கல், “மிகப் பழமையான” என்ற நூறு பலகைக்கு மேல்.

படியெடுத்தவற்றை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஒரு பிரதி கோயில் அலுவலகத்தில், ஒன்று ஊர்ப் பள்ளிக்கூடத்தில், ஒன்று மாவட்டத் தொல்லியல் அலுவலரிடம். படங்களை இரண்டு வெவ்வேறு வீடுகளில் ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள். பாலாலயத்துக்கு நாள் பார்க்க உட்காரும் முதல் கூட்டத்திலேயே இதற்கு ஒருவரைப் பொறுப்பாக்கி, அவர் பெயரைத் தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். செலவு மொத்தத் திருப்பணியில் சிறு பங்குகூட வராது.

வேலை முடிந்தபின் உங்கள் திருப்பணிக்கும் ஒரு கல் வெட்டுங்கள், பழைய சுவரில் வேண்டாம், தனிக்கல்லில். அதில் இவ்வளவு இருந்தால் போதும்:

“ஸ்வஸ்திஸ்ரீ. திருவள்ளுவர் ஆண்டு இத்தனை, பொது ஆண்டு இத்தனை, இன்ன மாதம் இன்ன நாள். இன்ன நாட்டு இன்ன ஊரில் இன்ன ஈசுவரர் கோயிலில் ஊரார் செய்த திருப்பணி. விமானத்துச் சுதை புதிது. மகாமண்டபத் தளம் இரண்டடி இறக்கியது. குளத்துப் படியில் கிடந்து எடுத்த எழுத்துக்கல் மூன்றும் தெற்குப் பிராகாரத்தில் மேடை மேல் வைத்தது. முன் திருப்பணியில் உடைந்த ஜகதிக் கல்லின் வாசகம், ஆண்டறிக்கையில் கண்டபடி, கீழே வெட்டியது. இதுவும் ஒரு பழங்கற்படி.”

இப்படிக்கு,
கல்வெட்டுப் படியெடுப்போரும் வாசிப்போரும்